எம்எம் 540 வீல் பேரிங்: சத்தத்துல ஆரம்பிச்சு லாக் வாஷர் வரைக்கும்

போடி, கம்பம் பக்கம் பழைய ஜீப்பு வச்சிருக்கவங்க கூட உக்காந்தா இன்ஜினைப் பத்தி விடிய விடிய பேசலாம், பம்பு எங்க குடுத்தா நல்லா செட் பண்ணுவாங்க, எந்த டயர் கல்லு ரோட்டுக்குத் தாங்கும், பின்னாடி லீஃப் ஸ்பிரிங்ல இன்னொரு பட்டை சேக்கலாமா வேணாமான்னு எல்லாம் வரும், ஆனா வீல் பேரிங், அதாவது வீலு உரசாம சுத்துறதுக்கு உள்ள இருக்கிற உருளை வளையம், அந்தப் பேச்சு மட்டும் வராது. அது கத்த ஆரம்பிச்சாத்தான் ஞாபகம் வரும். வண்டியோட மொத்த எடை, அதுல ஏறுற ஆளுக, ஏலக்கா மூட்டை, தண்ணி கேனு எல்லாமே கடைசில நிக்கிறது நாலு வீலுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரோலர் மேலதான், அதை மறந்துட்டு மலை ஏறுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

எங்க வீட்டு வண்டி அப்பா வாங்குன மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பு, பிஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, நாலு பக்கமும் டிரம் பிரேக், நாலு பக்கமும் பட்டை. இப்பத்தான் முன்னாடி ரெண்டு பக்கமும் பேரிங், கப், கிரீஸை உள்ள வச்சுத் தண்ணிய வெளிய நிறுத்துற ஆயில் சீல் எல்லாம் மாத்தி முடிச்சேன். நிறையப் பேரு இதை ஒர்க் ஷாப்ல விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறாங்க, நான் சொல்றது என்னன்னா இந்த ஒரு வேலைய மட்டும் முடிஞ்சா நீங்களே பண்ணுங்க, இல்லாட்டி பக்கத்துலயாவது நில்லுங்க, ஏன்னா இந்தப் பேரிங்கோட ஆயுசு கடைல வாங்குற பெட்டிக்குள்ள பாதிதான் இருக்கு, மீதிப் பாதி நட்டை இறுக்குற கையில இருக்கு.

ஏன் அப்படின்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். இப்ப வர்ற காருக்கெல்லாம் பேரிங் ஒரே பீஸா சீல் பண்ணி வருது, உள்ள எவ்வளவு இறுக்கம் இருக்கணும்ங்கறதை ஃபேக்டரிலயே முடிவு பண்ணிடுவாங்க, நாம கழட்டி புதுசு மாட்டி நட்டை சொன்ன டார்க்குக்கு இறுக்குனா வேலை முடிஞ்சது. பழைய ஜீப்பு அப்படி இல்ல. இதுல இருக்கிறது டேப்பர் ரோலர் பேரிங், ரோலரும் கூம்பு, அது உக்கார்ற உள் வளையமான கோனும் கூம்பு, வெளி வளையமான கப்புக்கு உள்பக்கமும் கூம்பு. அமெரிக்கால குதிரை வண்டி செஞ்சுக்கிட்டு இருந்த ஹென்றி டிம்கென் 1898ல பேடன்ட் வாங்குன டிசைன், இன்னைக்கு வரைக்கும் லாரி, டிராக்டர், ஜீப்புன்னு எல்லாத்துலயும் ஓடுது. கூம்பா இருக்கறதால மேல இருந்து வர்ற எடையையும் தாங்கும், வளைவுல பக்கவாட்டுல தள்ளுற தள்ளையும் தாங்கும், ஆனா ஒரு பேரிங் ஒரு பக்கத்துத் தள்ளைத்தான் தாங்கும், அதுக்குத்தான் முன்னாடி ஒரு ஹப்புக்கு, அதாவது வீலு மாட்டுற நடுக்குடத்துக்கு, ரெண்டு பேரிங்கு எதிரெதிரா வச்சிருக்காங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கணும்னு முடிவு பண்றது வெளில இருக்கிற நட்டு. அந்த நட்டைத் திருகுறது நாம. இடைவெளின்னு சொன்னா கண்ணுக்குத் தெரியுற அளவு கிடையாது, 0.025 மில்லிமீட்டர்ல இருந்து 0.125 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க. இதைத் தாண்டி லூசா இருந்தா வீல் ஆடும், ரோலர் முழுசா கப்புல படாம ஓரத்துல மட்டும் அடி வாங்கும். டைட்டா இருந்தா சூடேறும், சூடேறுனா உலோகம் விரியும், விரிஞ்சா இன்னும் டைட்டாகும், அப்புறம் கிரீஸ் உருகி ஓடிரும், அதுக்கு மேல ரொம்ப தூரம் போகாது.

மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பை இங்க அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க, அந்த வம்சம்தான் 540 எல்லாம், அதனால முன் ஹப்போட அமைப்பு ரெண்டாம் உலக யுத்த காலத்து ஜீப்பான வில்லிஸ் எம்பியோடதுதான். அந்த வில்லிஸ் எம்பில ஒரு அழகான விஷயம் உண்டு, முன் வீலு பின் வீலு, உள் பேரிங் வெளி பேரிங் எதுவா இருந்தாலும் ஒரே நம்பர், கோன் 18590, கப் 18520. சண்டைக்கு நடுவுல ரிப்பேர் பாக்குறவன் ஒரே பெட்டிய வச்சுக்கிட்டு எந்த வீலுக்கும் போட்டுக்கலாம். அந்த யோசனைய நினைச்சா இப்பவும் எனக்கு மரியாதை வரும். ஆனா நீங்க இந்த நம்பரைப் பாத்துட்டு கடைக்குப் போயிடாதீங்க, பின்னாடி வந்த வண்டிகள்ல ஆக்சில் மாறிக்கிட்டே வந்திருக்கு, அதுலயும் செகண்ட்ஸ்ல வாங்குன வண்டின்னா முன்னாடி யாரு எந்த ஆக்சிலை மாட்டுனாங்கன்னே தெரியாது. பழைய கோனோட முகத்துலயும் கப்போட ஓரத்துலயும் நம்பர் பொறிச்சிருக்கும், துடைச்சுப் பாத்து அதை எழுதிக்கிட்டுப் போங்க, கையோட பழைய பேரிங்கையே எடுத்துட்டுப் போறது இன்னும் நல்லது.

முதல்ல பேரிங்தான் பிரச்சினையான்னு தெரியணும். 40, 50 ஸ்பீடுல ஊஊன்னு ஒரு சத்தம், ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறும், கிளட்ச்சை மிதிச்சு நியூட்ரல்ல விட்டாலும் போகாது. மட் டயர் போட்ட வண்டில இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், டயரே அப்படித்தான் கத்தும், ஆனா தார் ரோட்டுல இருந்து சிமென்ட் ரோட்டுக்குப் போனா டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் அப்படியே இருக்கும். அடுத்தது வளைவு. வலது பக்கம் திரும்புனா எடை இடது வீலுக்குப் போகும், அப்ப சத்தம் கூடுனா இடது பக்கம் சந்தேகப்படணும். போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஆனா அங்க ஸ்பீடே இருக்காது, ஒண்ணும் கேக்காது, மலை அடிவாரத்துல இருக்கிற முந்தலுக்கு முன்னாடி வர்ற நீளமான வளைவுகள்ல கேட்டுப் பாருங்க. எடை ஏறுன பக்கம் சத்தம் குறையுற வண்டியும் உண்டு, அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஜாக்கி போட்டு வீலைத் தூக்கிட்டு மேல ஒரு கை கீழ ஒரு கை வச்சு ஆட்டுங்க. ஆடுதா? உடனே பேரிங்குன்னு சொல்லிராதீங்க. கூட ஒரு ஆளை உக்கார வச்சு பிரேக்கை நல்லா மிதிக்கச் சொல்லுங்க, பிரேக் மிதிச்சா ஹப்பும், ஸ்டீரிங்கோட திரும்புற நக்கிளும் ஒண்ணாப் பூட்டிக்கும், அப்பவும் ஆட்டம் இருந்தா அது வீல் பேரிங் இல்ல, கிங் பின், அதாவது அந்த நக்கிள் திரும்புற அச்சு. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். இந்த ஒரு சோதனைய பண்ணாமயே நல்ல பேரிங்கைக் கழட்டி எறிஞ்சுட்டு புதுசு மாட்டி, ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிற வண்டி எங்க ஊர்ல நிறைய ஓடுது, பாக்கும்போது மனசு கேக்காது. அப்புறம் வீலைச் சுத்தி விட்டு இன்னொரு கைய பட்டை மேல வச்சுப் பாருங்க, பேரிங் சொரசொரப்பா இருந்தா அது கையில தெரியும். சுத்துறதுக்கு முன்னாடி வண்டி டூ வீல்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஃபோர் வீல் போட்டிருந்தா ஒத்தை வீலு சுத்தாது.

ஃபோர் வீல் வண்டிக்கு மட்டும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு, இது எங்க ஊரு மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் காமிச்சுக் குடுத்தது. "தம்பி, பேரிங்கைக் கழட்டறதுக்கு முன்னாடி ஃப்ளாஞ்சைக் கழட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு"ன்னாரு. ஃப்ளாஞ்சுன்னா ஷாஃப்ட்டையும் ஹப்பையும் இணைக்கிற மூடி. முன் வீலை ஷாஃப்ட்ல இருந்து பிரிச்சு விடுற ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டில ஃபோர் வீல் போடாட்டியும் முன் ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், அதுல எதுல சத்தம் வந்தாலும் வீல் பேரிங் சத்தம் மாதிரியே கேக்கும். ஹப்பு தன் எடைய ஸ்பிண்டில்ங்கற சுத்தாத குழாய் அச்சு மேலதான் வச்சிருக்கு, ஷாஃப்ட் மேல இல்ல, அதனால ரெண்டு பக்கமும் டிரைவ் ஃப்ளாஞ்சைக் கழட்டிட்டு ஹப்போட வாயை மண்ணு போகாம மூடிட்டு டூ வீல்லயே மெதுவா ஓட்டலாம். சத்தம் நின்னுட்டா பிரச்சினை ஷாஃப்ட்லயோ டிஃப்ரன்ஷியல்லயோ இருக்கு. நிக்கலைன்னா ஹப்பைப் பிரிங்க. எனக்கு நிக்கல.

வேலைய ஆரம்பிக்கும்போது சமதளமான இடமாப் பாருங்க, நம்ம பக்கம் தோட்டத்து வாசல்னாலே சரிவுதான். பின் வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை போடணும். ஜாக்கிய மட்டும் நம்பி கீழ கை விடக்கூடாது, ஆக்சிலுக்கு அடில குதிரை ஸ்டாண்டு வச்சே ஆகணும். பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் வீல்ல புடிக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ஷாஃப்ட்ல இருக்கிற டிரம்முல புடிக்கும், அந்த மாதிரி வண்டில பின் வீலு ஒண்ணைத் தூக்குனீங்கன்னா ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி நகந்துரும், தூக்குன வீலு டிஃப்ரன்ஷியல் வழியா எதிர்ப்பக்கம் சுத்தி விட்டுரும். முன் வீலைத் தூக்கும்போது இந்தச் சிக்கல் இல்ல, இருந்தாலும் கட்டை கட்டாயம். டிரம்மைக் கழட்டுனதும் உள்ள கிடக்குற தூசிய காத்தடிச்சு ஊத வேணாம், பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், அது நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது, ஈரத்துணிய வச்சுத் துடைச்சு எடுங்க.

கழட்டுற வேலைல பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. கேப், சர்க்கிளிப், ஆறு போல்ட்டைக் கழட்டிட்டு ஃப்ளாஞ்சை வெளிய எடுத்தா உள்ள லாக் நட்டு, அதுக்குப் பின்னாடி நட்டு கழலாம இருக்க மடக்கி விட்ட லாக் வாஷர், அதுக்கும் பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் நட்டு. இதுக்குன்னு பெரிய ட்யூப் ஸ்பேனர் இருக்கு, அது இல்லாம உளிய வச்சு சுத்தியால அடிச்சுத் திருப்புற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அதைப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும், நட்டோட முனை எல்லாம் நசுங்கி, ஸ்பிண்டில் மரையும் போயி, அடுத்து வர்றவன் எவ்வளவு இறுக்குறோம்னே தெரியாம இறுக்குவான். ஸ்பேனர் வாங்குங்க, விலை ஒண்ணும் பெருசு இல்ல, ஒரு தடவை வாங்குனா வண்டி இருக்கிற வரைக்கும் வரும்.

இனிதான் முக்கியமான கட்டம். கழட்டுன பேரிங்கைத் தூக்கிக் குப்பைல போட்டுராதீங்க. எந்த வீலு, உள்ளயா வெளியவான்னு தனித்தனியா வச்சு மண்ணெண்ணெய்லயோ டீசல்லயோ கழுவி வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. பெட்ரோல் வேணாம், தீப்பிடிக்கும். கழுவிட்டு கம்ப்ரஸர் காத்தை அடிச்சு பேரிங்கை விர்ருன்னு சுத்த விடுற வேலையும் வேணவே வேணாம், எண்ணெய் இல்லாம அந்த ஸ்பீடுல சுத்துனா ரோலரைப் புடிச்சு வச்சிருக்கிற கேஜ் பிய்ஞ்சு ரோலர் தெறிச்சு மூஞ்சில அடிக்கும்.

என் வண்டில இடது பக்கம் உள் பேரிங்ல கிரீஸ் மோரைக் கலக்குன மாதிரி வெளுத்துப் போயி இருந்துச்சு. அதை வழிச்சு எடுத்துட்டுப் பாத்தா கப்புல ரோலர் இருக்கிற அதே இடைவெளில வரிவரியாத் துரு. தண்ணி உள்ள போயிருக்கு, வண்டி நின்ன எடத்துலயே ரோலர் பட்ட இடம் அரிச்சிருக்கு. எப்படிப் போச்சு? ஆயில் சீலோட உதடு காஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு, ஆனா அது மட்டும் காரணம் இல்ல. மலைல ஓடி ஹப்பு நல்ல சூட்டுல இருக்கும், உள்ள காத்து விரிஞ்சு இருக்கும், அந்தச் சூட்டோட ஓடைல இறக்குனா சட்டுனு குளுந்து உள்ள காத்து சுருங்கும், அந்த வெற்றிடம் சீல் வழியா தண்ணிய இழுத்துரும். அதனால ஓடைய இறங்குறதுக்கு முன்னாடி வண்டிய நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் ஆற விடணும்னு சொல்றது சும்மா சொல்றது இல்ல. வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்னை நேரா ஹப்புக்குப் பின்னாடி வச்சு அடிக்கறதும் இதே வேலையத்தான் பண்ணும். ஏலத்தோட்டத்து வண்டிகளுக்கு இது ரொம்பவே நடக்குது, ஏன்னா காய் எடுக்குற சீசன் ஆரம்பிக்கிறதே மழையோடதான், ஆளை ஏத்திக்கிட்டு அதிகமா ஓடுற மாசமும் ரோட்டுல தண்ணி ஓடுற மாசமும் ஒண்ணு.

வலது பக்கம் கதையே வேற. அங்க தண்ணியே இல்ல, கிரீஸ் கறுத்துப் போயி கெட்டியா இருந்துச்சு, வெளி பேரிங்ல கோன் நீலம் பாஞ்சிருந்துச்சு, ரோலரோட பெரிய முனை எல்லாம் கீறி வழுவழுப்பு போயிருந்துச்சு. இது சூட்டுல செத்த பேரிங். முன்னாடி ஒரு தடவை அந்தப் பக்கம் பிரேக் ஷூ மாத்தக் குடுத்தப்ப ஒர்க் ஷாப்ல அட்ஜஸ்ட்மென்ட் நட்டைப் போட்டு முறுக்கி விட்டுருக்காங்க, கழட்டும்போதே தெரிஞ்சது, அவ்வளவு இறுக்கம். ஒரே வண்டி, ஒரே ஆக்சில், ஆனா ரெண்டு பக்கமும் வேற வேற காரணம். பழசைப் பாக்காம புதுசை மட்டும் மாட்டியிருந்தா இது ரெண்டும் தெரிஞ்சே இருக்காது, அடுத்த மழைக்கு இடது பக்கம் மறுபடியும் போயிருக்கும்.

வேற என்னென்ன பாக்கலாம்னா, கப்புல செதில் செதிலா உரிஞ்சு குழி விழுந்திருந்தா ரொம்ப நாள் எடை சுமந்து ஓஞ்சது, இல்லாட்டி ஓவர் லோடு. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா கப்பு நேரா உக்காரல, பின்னாடி பிசிறோ மண்ணோ மாட்டியிருக்கு. ரோலர் இடைவெளிக்குப் பள்ளம் பள்ளமா விழுந்து ஆனா துரு இல்லைன்னா எங்கயோ குழில பலமா அடி வாங்கியிருக்கு, இல்ல மாட்டும்போது சுத்தியால அடிச்சிருக்காங்க. பொடிப்பொடியா ஊசி குத்துன மாதிரி கருகுன புள்ளி இருந்தா வண்டில எங்கயோ வெல்டிங் வச்சிருக்காங்க, எர்த்தை ஒரு மூலைல கவ்விட்டு வேற மூலைல வெல்டிங் அடிச்சா கரண்டு பேரிங் வழியாப் பாஞ்சு போகும், அதுக்குத்தான் எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்லணும். அகலமான ரிம்மு போட்டு டயரை வெளிய தள்ளி நிக்க வச்சிருக்க வண்டிங்கள்ல வெளி பேரிங் சீக்கிரம் போகும், ஏன்னா எடை விழுற கோடு ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல இருக்க வேண்டியது வெளிய நகந்துருது. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பேரிங்குக்கும் கிங் பின்னுக்கும் அது தண்டனை.

கப்பு ஹப்புக்குள்ள சுத்தியிருந்தா மட்டும் கவலைப்படணும். கப்பு கையாலயே கழண்டு வருதுன்னா ஹப்போட உள் வட்டம் தேஞ்சு போச்சு. இதுக்கு ஊர்ல ஒரு வைத்தியம் உண்டு, பஞ்ச்சை வச்சு உள்ள சுத்திப் புள்ளி புள்ளியா அடிச்சு அதுல கப்பை இறுக்கி உக்கார வைப்பாங்க. தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க, அந்தப் புள்ளியோட முனை கொஞ்ச நாள்ல நசுங்கிரும், மறுபடியும் சுத்தும், கப்பும் நேரா நிக்காது. லேத்துல குடுத்து ஸ்லீவ் போடுங்க, இல்ல நல்ல ஹப்பு ஒண்ணு தேடுங்க.

பேரிங் வாங்கும்போது டிம்கென், எஸ்கேஎஃப், என்பிசி எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்ச கடைல பில்லு போட்டு வாங்குங்க, பிரபலமான பேருல டூப்ளிகேட் நிறைய வருது. என்பிசி நம்ம நாட்டுலயே ஜெய்ப்பூர்ல 1946ல ஆரம்பிச்ச கம்பெனி, வெளிநாட்டுப் பேரு இல்லைன்னு ஒதுக்க வேண்டியது இல்ல. கோனும் கப்பும் செட்டாத்தான் மாத்தணும், கப்பு நல்லாத்தானே இருக்குன்னு பழசுல புதுக் கோனைப் போட்டா புது ரோலரு பழைய தேய்மானத்து மேல ஓடி அதுவும் அப்படியே தேயும். ஆயில் சீலு எப்படி இருந்தாலும் புதுசு. லாக் வாஷரும் புதுசு, ஒரு தடவை மடக்குன காது திரும்ப மடக்குனா ஒடைஞ்சு போகும்.

பழைய கப்பை எடுக்க ஹப்புக்குள்ள வெட்டு இருக்கும், அதுல பித்தளை ராடை வச்சு மாத்தி மாத்தித் தட்டுனா வெளிய வரும். இரும்புச் சுத்தியால நேரா பேரிங் மேல அடிக்கக் கூடாது, அது கடினமாக்குன எஃகு, சில்லு தெறிச்சா கண்ணு போயிரும். புதுக் கப்பை ராத்திரியே ஃப்ரீசர்ல போட்டு வச்சுட்டேன், குளுந்தா ஒரு துளி சுருங்கும், உள்ள போறது லேசாகும். பழைய கப்போட வெளி ஓரத்தைக் கிரைண்டர்ல கொஞ்சம் தேச்சு விட்டா புதுசை உள்ள தள்ள அதுவே அருமையான டூல், தேய்க்காம வச்சா அதுவும் உள்ள போயி மாட்டிக்கும். தட்டிக்கிட்டே வரும்போது சத்தத்தைக் கேளுங்க, முதல்ல மந்தமா வரும், கப்பு அடில போயி உக்காந்த உடனே சத்தம் கணீர்னு மாறும், அதோட நிப்பாட்டிரணும். சுத்தி எங்கயாவது இடைவெளி தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாத்துக்கோங்க.

கிரீஸுக்கு வருவோம். கடைல ஏபி 3ன்னு கேட்டா லித்தியம் கிரீஸ் குடுப்பாங்க, நம்ம ஊரு வெயிலுக்கும் ஹப்புக்கும் அது போதும், மலை இறக்கத்துல டிரம் ரொம்பச் சூடேறுற வண்டின்னா லித்தியம் காம்ப்ளெக்ஸ் போடலாம், அது இன்னும் கூடச் சூடு தாங்கும். பட்டையோட ஷேக்கிளுக்கு அடிக்கிற கறுப்பு கிராஃபைட் கிரீஸை எடுத்து இதுல போடாதீங்க. பழைய கிரீஸையும் புதுசையும் கலக்காதீங்க, ரெண்டும் வேற வேற வகையா இருந்தா சேந்ததும் இளகி ஓடிரும், அதனால ஹப்புக்குள்ள இருக்கிறதை முழுசா வழிச்சு எடுத்துடணும். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கிறதுன்னா மேல பூசுறது இல்ல. உள்ளங்கைல ஒரு உருண்டை எடுத்து வச்சுக்கிட்டு பேரிங்கோட அகலமான பக்கத்தை அதுல அமுக்கி அமுக்கி, இந்தப் பக்கம் ரோலருக்கு நடுவுல இருந்து கிரீஸ் பிதுங்கி வர்ற வரைக்கும், சுத்தி எல்லா ரோலருக்கும் பண்ணணும். நேரம் ஆகும், ஆகட்டும். ஹப்போட நடு வயித்துல பாதிக்கு மேல அடைக்க வேணாம், நிறைய அடைச்சா கிரீஸ் கடைஞ்சு சூடாகும், சூட்டுல சீலைத் தாண்டி பிரேக் ஷூவுக்கு வந்துரும். ஸ்பிண்டில் மேல மெல்லிசா ஒரு பூச்சு, சீல் உதட்டுக்கு ஒரு பூச்சு. சீல் ஓடுற எடத்துல ஸ்பிண்டில்ல வரி விழுந்திருக்கான்னு நகத்தை வச்சு வருடிப் பாருங்க, நகம் மாட்டுனா புது சீலும் தண்ணி விடும்.

இப்ப நட்டு. நான் பண்றது பழைய வில்லிஸ் மேனுவல் முறைதான். ஹப்பை மாட்டி, வெளி பேரிங்கை வச்சு, அட்ஜஸ்ட்மென்ட் நட்டைப் போட்டு, வீலை ஒரு கையால ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டே இறுக்கணும். சுத்தாம இறுக்குனா ரோலர் அதோட எடத்துல போயி உக்காராது, இறுகுன மாதிரி இருக்கும், ரெண்டு கிலோமீட்டர் ஓடுனதும் லூசாயிரும். இறுக்கிக்கிட்டே வரும்போது வீலு கனக்க ஆரம்பிக்கும், லேசாப் புடிக்குதுன்னு தெரியும், அங்க நிப்பாட்டிட்டு நட்டை ஆறுல ஒரு சுத்து, அதாவது நட்டோட ஒரு முகம் அளவு, பின்னாடி விடணும். பிரேக் ஷூ உரசுறதை பேரிங் புடிக்கிறதுன்னு நினைச்சுரக் கூடாது, அதுக்கு முதல்லயே ஷூவை நல்லா உள்ள தள்ளி வச்சிருக்கணும். அப்புறம் லாக் வாஷர், அது மேல லாக் நட்டு. லாக் நட்டை இறுக்கும்போது உள் நட்டோட மரைல இருக்கிற இடைவெளிய அது தள்ளி மூடும், அதனால நீங்க பாத்துப் பாத்து வச்ச அளவு கொஞ்சம் டைட்டாயிரும். நிறைய பேரு கோட்டை விடுற எடம் இதுதான். லாக் நட்டை முழுசா இறுக்குனதுக்கு அப்புறம் மறுபடி சுத்திப் பாக்கணும், ஆட்டிப் பாக்கணும், சரியில்லைன்னா லாக் நட்டைக் கழட்டி உள் நட்டை ஒரு இழை மாத்தி திரும்ப இறுக்கணும். எத்தனை தடவை ஆனாலும் சரி. ஆட்டத்தை அளக்குற டயல் கேஜ் இருந்தா ஹப்பு முகத்துல வச்சு அளந்துருங்க, அந்த 0.125க்குள்ள நின்னா திருப்தி. வீலு தடங்கல் இல்லாம சுத்தணும், மேல கீழ புடிச்சு ஆட்டுனா கைக்குத் தெரிஞ்சும் தெரியாம இருக்கணும். சரின்னு ஆனதும் வாஷர் காதை நட்டோட தட்டையான பக்கத்துல அழுத்தமா மடக்கி விடுங்க.

முதல் ஓட்டத்துக்கு மெட்டு ஏறாதீங்க. போடில இருந்து தேனி வரைக்கும் சமமான ரோடு, பிரேக் அதிகமாப் புடிக்காம போயி நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க. இறக்கத்துல வந்துட்டுத் தொட்டா பிரேக் சூடு எது பேரிங் சூடு எதுன்னு பிரிக்க முடியாது. ரெண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருந்தா சரி, ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா வந்த வழியே மெதுவாத் திரும்பி நட்டைப் பாருங்க. புதுக் கப்பு இன்னும் கொஞ்சம் உக்காரும், அதனால ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் கேப்பைத் திறந்து ஆட்டம் பாத்துக்குறது நல்லது. என் வண்டில அப்படிப் பாத்தப்ப இடது பக்கம் ஒரு இழை இறுக்க வேண்டி இருந்துச்சு, வலது பக்கம் தொடவே இல்ல. இனிமே வருசா வருசம் தென்மேற்கு மழை ஓஞ்சதும் ரெண்டு பக்கமும் பிரிச்சு கிரீஸ் மாத்துறதுன்னு முடிவு, சீல் விலைய விட பேரிங் விலை அதிகம்.

பின் ஆக்சில் இன்னும் பாக்கி இருக்கு. அதுல நட்டு வச்சு செட் பண்றது கிடையாது, ஹப்பைப் பெரிய புல்லர் போட்டு இழுத்து எடுத்து, பிரேக் பேக் பிளேட்டுக்கும் ஆக்சில் முனைக்கும் நடுவுல ஷிம்ங்கற மெல்லிசு தகட்டைக் கூட்டியும் குறைச்சும் இடைவெளி வைக்கணும். புல்லர் இல்லாம ஷாஃப்ட் முனைல சுத்தியால அடிச்சு எடுக்கிறாங்க, மரை போறதும் டிஃப்ரன்ஷியல் உள்ள அடி வாங்குறதும்தான் மிச்சம். கம்பத்துல ஒருத்தர்கிட்ட அந்தக் காலத்து புல்லர் இருக்குன்னு சொல்லியிருக்காங்க, அது கைக்கு வந்ததும் பின் பக்கத்தைப் பிரிக்கிறேன், உள்ள என்ன இருக்குன்னு அப்ப எழுதுறேன்.